இல்லிக்குடமும் நிறைகோலும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஆசிரியரது இலக்கணமும் மாணாக்கரது இலக்கணமும் அங்கே அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகையாகப் பகுக்கும் அந்நூல், முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் ஆவையும், இடை மாணாக்கருக்கு மண்ணையும் கிளியையும், கடை மாணாக்கருக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் உவமையாக்குகிறது. இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். உவமைகள் எளியன, ஆகையால் நினைவில் நிற்பன. ஊற்ற ஊற்ற ஒழுகிவிடுகிறது, இந்தப் பிள்ளையிடம் எதுவும் தங்கவில்லை என்று ஆசிரியர் அறையில் இன்று எழும் பெருமூச்சு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உவமையாகிவிட்ட ஒன்றுதான்.

ஆனால் அதே பாயிரத்தில் வேறு இரண்டு செய்திகளும் உள்ளன. நல்லாசிரியருக்கு உவமையாகக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று நிறைகோல். ஐயம் தீர அளவைக் காட்டுவதும், எப்பக்கமும் சாயாது நடுவு நிற்பதும் அதன் இயல்பு. மற்றொன்று, பாடம் சொல்லும் முறை பற்றியது. ஆசிரியர் அவசரமும் சினமும் இன்றிக் கற்பிக்க வேண்டும். கற்கிறவன் எந்த வகையில் பெற்றுக்கொள்ளக் கூடியவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்று நன்னூல் வற்புறுத்துகிறது. மாணாக்கரைத் தரம் பிரித்த அதே நூல், அவரவர் பெறும் வகையை அறியும் கடமையை ஆசிரியர்மேல் சுமத்தியிருக்கிறது. தரம் பிரித்தலைப் பள்ளிகள் எளிதாகப் பற்றிக்கொண்டன. கடமையை எளிதாக மறந்தன. குடத்தில் நீர் நிற்கவில்லையென்றால், குறை குடத்திலா, ஊற்றும் முறையிலா? இவ்வினா கற்பித்தல் உத்தி பற்றியது மட்டுமன்று. பொறுப்பு யாருடையது என்னும் அறவினாவும் ஆகும். அவ்வினா வகுப்பாசிரியரிடம் நின்றுவிடுவதில்லை. பள்ளியை நடத்தும் தலைமையாசிரியரிடம்தான் அது இறுதியாகச் சென்று சேர்கிறது.

ஒரே அளவு நீதியாகுமா?

ஒரு மூன்றாம் ஆண்டு வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் சொல்வதெழுதுதல். அனைவருக்கும் அதே 20 சொற்கள், அதே நேரம், அதே தாள். ஒரு சிறுவன் வாரந்தோறும் நான்கு அல்லது ஐந்து சொற்களையே சரியாக எழுதுகிறான். வீட்டில் அவனுடைய தாய் உடனிருந்து படிக்க வைக்கிறார். வாய்மொழியாகக் கதை சொல்வதில் அவனுக்கு நிகர் வகுப்பில் எவருமில்லை. எனினும் வெள்ளிக்கிழமை வந்தால் அவனுக்கு வயிற்றுவலியும் வந்துவிடுகிறது. ஆசிரியர் எவருக்கும் சலுகை காட்டவில்லை; எல்லாருக்கும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார். அப்படியாயின் அங்கே நீதி நிகழ்ந்ததா?

விடை காண்பதற்குமுன், அச்சிறுவன் கடக்க வேண்டிய வழியைச் சற்றே உற்று நோக்க வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் உயிர்மெய் 216. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் மெய்யோடு சேரும்போது, கொம்போ இணைக்கொம்போ மெய்யின் இடப்பக்கத்தில் முன்னதாக எழுதப்படுகிறது. அதாவது 108 எழுத்துகளில், காது முதலில் கேட்பது மெய்யொலி. கை முதலில் எழுத வேண்டியது உயிரின் குறி. ‘கொ’ என்பதில் அக்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இவற்றோடு லகர, ளகர, ழகரங்களும் ணகர, நகர, னகரங்களும் ரகர, றகரங்களும் வேறு உள்ளன. பேச்சு வழக்கில் பலரது நாவில் இவ்வேறுபாடுகள் மறைந்துவிட்டன. பெரும்பாலான பிள்ளைகள் பயிற்சியால் இத்தடைகளைத் தாண்டிவிடுகிறார்கள். ஒலியையும் வரிவடிவத்தையும் இணைப்பதில் இயல்பாகவே இடர்ப்படும் பிள்ளைக்கோ இவை மலைகள். அவன் சோம்பேறியும் அல்லன், அறிவிலியும் அல்லன். சமதளத்தில் ஓடுபவரையும் மலையேறுபவரையும் ஒரே நேரத்தில் புறப்படச் செய்துவிட்டு, ஓட்டம் நேர்மையாக நடந்தது என்று கூறுவது போன்றதே அந்த 20 சொல் தேர்வு.

நிறைகோல் உணர்த்தும் உண்மையும் இதுவே. இரு தட்டுகளிலும் ஒரே பொருளை வைப்பதன்று அதன் பணி. முதலில் தான் சமனாக நின்று, பின்னர் வைக்கப்பட்டதன் உண்மை எடையைக் காட்டுவதே அதன் பணி. சாய்ந்த கோல் எத்தனை முறை நிறுத்தாலும் சாய்ந்த எடையையே காட்டும். எல்லாருக்கும் ஒன்றையே கொடுப்பது சமம். ஒவ்வொருவரும் கற்பதற்கு வேண்டியதைக் கொடுப்பது நீதி. பள்ளிகள் பெரும்பாலும் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக நிறைவடைகின்றன.

திருத்த வேண்டியது எதனை?

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடத்தைக் கட்டி முடித்தபின் உடற்குறை உடையோருக்காகப் பின்புறத்தில் தனிவழி அமைப்பதைவிட, தொடக்கத்திலேயே எல்லாரும் நுழையும்படி வரைவதே முறை என்று அவர் வலியுறுத்தினார். படிக்கட்டுக்கு மாற்றாகச் சாய்தளம் அமைந்தால் சக்கர நாற்காலி மட்டுமா செல்கிறது? குழந்தை வண்டியும் செல்கிறது. முழங்கால் வலியுள்ள முதியவரும் செல்கிறார். 1984இல் அதே நாட்டில் தொடங்கப்பெற்ற ‘காஸ்ட்’ என்னும் கல்வி ஆய்வு நிறுவனம் இவ்வெண்ணத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பாடநூலைப் படிக்க இயலாத பிள்ளைகளுக்குக் கணினி வழி உதவிகளைத் தேடிய அந்நிறுவனத்தார், குறை பிள்ளையிடம் இல்லை, பாடத்தை அமைத்த முறையில் உள்ளது என்ற முடிவுக்கு வந்தனர். ஆர்வத்தைத் தூண்டும் வழி, பொருளை அறிமுகப்படுத்தும் வழி, கற்றதை வெளிப்படுத்தும் வழி ஆகிய மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களைத் தொடக்கத்திலேயே திறந்து வைப்பதே அவர்கள் வகுத்த கற்றல் வடிவமைப்பின் சாரம்.

இஃது அயல்நாட்டுப் புதுமை என்று தமிழாசிரியர் மலைக்க வேண்டியதில்லை. முன்னைய தலைமுறையினர் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற தனி வடிவத்தில் எழுதினர். ணா, றா, னா முதலியவற்றுக்கும் தனித்த கூட்டு வடிவங்கள் இருந்தன. இவ்வாறு பொது நெறிக்குப் புறம்பான 13 வடிவங்களை ஒவ்வொரு பிள்ளையும் தனியே மனனம் செய்ய வேண்டியிருந்தது. பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் தம் குடி அரசு இதழில் இவற்றைச் சீர்படுத்தி அச்சிடத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. மலேசியாவிலும் சிங்கையிலும் தமிழ்க் கல்வி பின்னர் அவ்வழியே சென்றது. அன்று யாரும் பிள்ளையைத் திருத்தவில்லை, எழுத்தைத் திருத்தினார்கள். இடர்ப்பட்ட பிள்ளைக்கு மட்டும் தனி எழுத்து என்றும் வைக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகவே வழியைச் செப்பனிட்டார்கள். அதனால் தமிழின் தரம் தாழ்ந்துவிடவில்லை. அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று தமிழருக்கு வேண்டுவதில்லை.

சட்டம் திறந்த கதவு

1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் சார்பாளர்கள் கூடி, சிறப்புத் தேவை உடைய பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே இடம்பெற வேண்டும் என்று அறிவித்தனர். மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் துணையின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கூடிய பிள்ளையையே கல்வி பெறத் தகுந்த பிள்ளையாகக் கருதின. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. 2010இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை ஒப்பந்தத்தை நாடு உறுதிப்படுத்தியது. 2013இல் புதிய விதிமுறைகள் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. சிங்கையிலும் 2003இல் தொடங்கிய கட்டாயக் கல்வி, 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உடைய பிள்ளைகளையும் உள்ளடக்கியது.

சட்டம் பள்ளியின் வாயிற்கதவைத் திறக்கும். வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை கற்பதற்கு வேண்டிய கதவைத் திறக்கச் சட்டத்தால் இயலாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும், பாடத்தில் இடமில்லாத பிள்ளைகள் உண்டு. கடைசி வரிசையில் வண்ணம் தீட்டும் தாளோடு அமர்த்தப்பட்டு, தொல்லை தராதவரையில் மறக்கப்படும் பிள்ளை, பள்ளிக்குள் இருந்தும் பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறான். அவனை உள்ளே அழைப்பது தலைமையாசிரியரின் கையில் உள்ளது.

தலைமையாசிரியர் செய்யக் கூடியது

தலைமையாசிரியருக்குப் பல அதிகாரங்கள் இல்லை. ஆசிரியரை நியமிப்பவர் அவரல்லர். பாடத்திட்டத்தை வகுப்பவரும் அவரல்லர். ஆனால் நேரம், இடம், வினா, பாராட்டு ஆகிய நான்கும் அவர் வசம் உள்ளன. நல்ல வடிவமைப்புக்கு இந்நான்கும் பெருந்துணை செய்யும்.

நேரமே முதன்மையானது. ஒரு பாடத்தைப் பல வாயில்களோடு திட்டமிட ஆசிரியர்கள் கூடிப் பேச வேண்டும். ஐந்து நாளும் நிரம்பிய கால அட்டவணையையும், மாலை வரை நீளும் அறிக்கைகளையும் அவர்கள்மேல் ஏற்றிவிட்டு, அனைவரையும் உள்ளடக்குங்கள் என்று சுற்றறிக்கை விடுப்பது அறமாகாது. புதியதொன்றைக் கேட்குமுன் பழையதொன்றைக் குறைக்க வேண்டும். மாதக் கூட்டங்களுள் ஒன்றின் அறிவிப்புகளைத் தாளில் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தைப் பாடத் திட்டமிடலுக்கு விடலாம். குறைநீக்கல் ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும்படி அட்டவணையை அமைக்கலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. அட்டவணை வரைபவரின் பொறுமையே செலவாகும்.

அத்தகைய திட்டமிடலில் ஆசிரியர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. பாடத்தின் இலக்கு ஒன்று. இலக்கை அடையும் வழி மற்றொன்று. ஐந்தாம் ஆண்டில் ஆற்றுத் தூய்மைக்கேடு பற்றிய பனுவல் ஒன்று கருத்துணர்தலுக்கு வருகிறது என்று கொள்ளலாம். ஆறு கெட்டதன் காரணத்தையும் விளைவையும் பிரித்து விளக்குவதே இலக்கு என்றால், அவ்விலக்கு எந்தப் பிள்ளைக்கும் குறைக்கப்படலாகாது. வழியோ பலவாகலாம். ஒருவன் தானே வாசிப்பான். ஒருத்தி தோழி உரக்க வாசிக்கக் கேட்பாள். மற்றொருவன் வரிசை மாறிய படங்களை முதலில் நிரல்படுத்திவிட்டுப் பனுவலுக்கு வருவான். விடையை எழுதலாம், வாய்மொழியாகக் கூறலாம், வரைந்து குறிப்பெழுதலாம். மாறாக, அன்றைய இலக்கே எழுத்துக்கூட்டல் என்றால், அதனை எந்தப் பிள்ளைக்கும் விலக்கிவிட முடியாது. அப்பொழுது வழியை மாற்ற வேண்டும். 20 சொற்களைச் சிதறலாகக் கொடாமல், ஒரே கொம்பு வரிசையில் அமைந்த ஆறு சொற்களிலிருந்து தொடங்கலாம்; மணல் தட்டில் விரலால் எழுதிப் பழகியபின் தாளுக்கு வரலாம்; அச்சிறுவனின் சென்ற வாரத் தாளோடு இந்த வாரத் தாளை ஒப்பிடலாம்.

மணலில் எழுதுவதும் தமிழ் மண்ணின் திண்ணைப் பள்ளிகள் அறிந்ததே. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆதரவற்றோர் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய மாணவர் மற்றவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது மதராஸ் முறை என்றே இங்கிலாந்தில் பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளை முறையில் அதிகாரமும் அடியும் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. அவற்றை நீக்கிவிட்டு, கற்பவன் கற்பிப்பவனாகும் நன்மையை மட்டும் எடுத்துக்கொள்வதில் தடையென்ன?

அடுத்தது இடம். செவிப்புலன் குன்றிய பிள்ளை, சாலை இரைச்சலும் மின்விசிறிச் சத்தமும் மிகுந்த அறையில் பாதிப் பாடத்தை இழக்கிறான். கண்பார்வை மங்கிய பிள்ளை, வெண்பலகையின் ஒளித்தெறிப்பில் எதையும் காண்பதில்லை. இத்தகையோர் பல வேளைகளில் கவனமில்லாதவர்கள் என்றே ஏசப்படுகின்றனர். ஆண்டின் தொடக்கத்தில் அமைதியான அறையை எந்த வகுப்புக்கு ஒதுக்குவது, முன்வரிசையில் யாரை அமர்த்துவது, கால் இயலாத பிள்ளை இருக்கும் வகுப்பு மாடியில் இருக்கலாமா என்பன போன்ற முடிவுகள் சிறியனவாகத் தோன்றும். அப்பிள்ளைகளுக்கோ அவை ஆண்டு முழுவதையும் தீர்மானிப்பவை.

மூன்றாவது வினா. பாடத்தைக் கண்காணிக்கச் செல்லும் தலைமையாசிரியர், கோப்பு சரியா, பலகையில் நாளும் தலைப்பும் உள்ளனவா என்று பார்த்துத் திரும்பினால், ஆசிரியரும் அவற்றையே பேணுவார். இன்று எந்தப் பிள்ளை பாடத்திற்கு வெளியே நின்றான், நாளை அவனுக்காக எதை மாற்றலாம் என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டால், ஆசிரியரின் கண்ணும் அப்பிள்ளையைத் தேடத் தொடங்கும். இக்கேள்வி குற்றச்சாட்டாக அன்றி, உடன் நின்று சிந்திப்பதாக ஒலிக்க வேண்டும். அஞ்சும் ஆசிரியர் தம் வகுப்பில் இடர்ப்படும் பிள்ளையை மறைப்பார். நம்பும் ஆசிரியர் அவனைப் பற்றிப் பேசுவார். பெற்றோரும் அத்தகையவரே. பிள்ளையிடம் குறை இருப்பதாகச் சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சும் தாய்க்கு, முதலில் அவன் திறமைகளைச் சொல்லிவிட்டுப் பின்னர் மருத்துவப் பரிசோதனையைப் பரிந்துரைக்கும் கனிவு வேண்டும்.

இறுதியாகப் பாராட்டு. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டாலும், தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே பள்ளியின் பெருமையை அளந்த மனம் அவ்வளவு விரைவில் போவதில்லை. சபை கூடலில் சிறந்த புள்ளி பெற்றோர் மட்டுமே மேடையேறினால், பள்ளி எதனை மதிக்கிறது என்பதை மற்றப் பிள்ளைகள் சொல்லாமலே அறிந்துகொள்வர். ஐந்து சொல்லிலிருந்து ஒன்பது சொல்லுக்கு உயர்ந்தவனின் உழைப்பும் அம்மேடைக்கு உரியதே.

எழும் தடைகள்

இவற்றுக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படுகின்றன. அவற்றைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது.

முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் முப்பது பாடம் நடத்த முடியுமா என்பது முதலாவது. முடியாது, அவ்வாறு யாரும் கேட்கவுமில்லை. முப்பது பாடங்கள் வேண்டுவதில்லை. இரண்டு மூன்று வாயில்கள் உள்ள ஒரே பாடம் போதும். மாணவர் குறைந்த தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில், இரு வேறு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கலையை வேறு பெயரில் நெடுங்காலமாகப் பயின்று வருகின்றனர். பெரிய பள்ளிகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இடர்ப்படும் ஒருவனுக்காக விரைந்து கற்கும் பிள்ளைகள் காத்திருப்பது அநீதியன்றோ என்பது இரண்டாவது. காத்திருக்க வைத்தால் அநீதியே. ஆனால் ஒற்றை வழிப் பாடத்தில் காத்திருப்பவர்கள் இருபாலரும்தாம். ஒருவன் புரியாமல் காத்திருக்கிறான்; மற்றவன் முன்னரே புரிந்துவிட்டதால் காத்திருக்கிறான். வழிகள் பலவானால் இருவரும் விடுபடுவர்.

மூன்றாவது தடையே வன்மையுடையது. எல்லாப் பிள்ளைகளையும் எல்லா நேரமும் பொது வகுப்பில் வைத்துக் கற்பிக்க இயலுமா? சில பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரும், தேர்ந்த சிறப்புக் கல்வி ஆசிரியரும், அமைதியான தனியிடமும் இன்றியமையாதவை. அவை கிடைக்காத பள்ளியில் ஒரு பிள்ளையைப் பொது வகுப்பில் அமர்த்திவிட்டு, உள்ளடக்கிவிட்டோம் என்று மகிழ்வது, விலக்கி வைப்பதன் மற்றொரு வடிவமாகிவிடும். ஆகவே தனி வகுப்பு தவறன்று. அப்பிள்ளை தனியே செல்வது எந்தப் பயன் கருதி, எவ்வளவு நேரம், எப்பொழுது தோழரிடம் திரும்புவான் என்ற வினாக்களுக்கு விடையின்றி அனுப்புவதே தவறு. தன்னால் இயலாததை ஒப்புக்கொண்டு உதவி நாடும் தலைமையாசிரியரே நடுவு நிற்பவர்.

நிறைவாக

பத்து வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கை தெரியாது. ஆனால் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது தன்மேல் அவர் கண் படாமல் நழுவிச் செல்வது அதற்குத் தெரியும். முதலாம் ஆண்டில் கை தூக்கிய பிள்ளை, நான்காம் ஆண்டில் கை தூக்குவதை நிறுத்தியிருந்தால், இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அது ஒரு பாடத்தை மட்டும் நன்றாகக் கற்றிருக்கிறது: தனக்குக் கல்வி வராது என்ற பாடம். அப்பாடத்தை அதற்குக் கற்பித்தது பள்ளியே. சொற்களை மறக்கும் அப்பிள்ளை இதனை மட்டும் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. ஓட்டைக் குடம் என்று அழைக்கப்பட்டவனிடம் அந்த ஒன்று ஒழுகாமல் நின்றுவிடுகிறது.

அந்த மூன்றாம் ஆண்டுச் சிறுவனுக்கு வெள்ளிக்கிழமை மீண்டும் வரும். அன்று அவன் வயிற்றுவலியோடு வருகிறானா, மணல் தட்டில் எழுதிப் பழகிய ஆறு சொற்களோடு வருகிறானா என்பது, பல நாள் முன்னரே தலைமையாசிரியரின் மேசைமேல் கால அட்டவணை வரையப்பட்டபோது பாதி முடிவாகியிருக்கும். மீதிப் பாதி ஆசிரியரின் கையில். அவனைக் கடை மாணாக்கன் என்று வகைப்படுத்த ஒரு நொடி போதும். அவன் பெறும் வகையை அறிய ஓராண்டு தேவைப்படலாம். அந்த ஓராண்டை அவனுக்குக் கொடுப்பதே நிறைகோலின் அறம்.